சுங்கை சிப்புட் தோட்டங்கள் சிதைந்ததற்கு அரசியல் பொறுப்பு யாருடையது?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். 1959 முதல் 2008 வரை மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) கையில் இருந்தது. 1974 வரை துன் சம்பந்தன், அதற்கப்புறம் சாமிவேலு. இருவரும் அமைச்சர்கள். 2008-ல் டாக்டர் ஜெயக்குமார் வந்தார், 2018-ல் பக்காத்தான். ஆள் மாறியும் ஊர் நிலைமை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பால்மரக் (ரப்பர்) காடெல்லாம் செம்பனையாகவோ தாமானாகவோ (வீடமைப்புப் பகுதி) ஆகிவிட்டது. லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) புதர் மண்டிக் கிடக்கிறது. படித்த பிள்ளைகள் பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். படிக்காமல் நின்றதில் ஒரு பங்கு நம்பரைப் பெயராக வைத்த குண்டர் கும்பல்களில் சேர்ந்துவிட்டது.

"அரசியல்வாதிகள்தான் பொறுப்பு" என்று கோயில் திருவிழாவிலிருந்து காப்பிக்கடை வரை எல்லாரும் சொல்கிறார்கள். எந்த அரசியல்வாதி, எந்த முடிவு, எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கட்சிச் சண்டை போடாமல், எதற்கு யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

கிராண்ட்

தம்பி, "யார்" என்பதை விட்டுவிட்டு "எந்தக் கையெழுத்து" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு தோட்டம் தாமானாக மாற மூன்று கையெழுத்து வேண்டும். முதலாவது விற்பனைக்கு. 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலம் என்றால் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 214ஏ பிரிவில் அது 'தோட்ட நிலம்'. மாநிலத்தின் தோட்ட நில வாரியம் அனுமதிக்காமல் கைமாற்ற முடியாது. இரண்டாவது, நிலத்தின் வகையை மாற்ற. கிராண்டில் (நில உரிமைப் பத்திரம்) 'பெர்தானியான்' (விவசாயம்) என்று இருப்பது 'பாங்குனான்' (கட்டடம்) ஆக வேண்டும். அதற்கு 124-ஆம் பிரிவு, அல்லது நிலத்தை அரசிடம் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் 204டி. இதை முடிவு செய்வது மாநில அரசு. மூன்றாவது, 172-ஆம் சட்டப்படி (நகர, கிராமத் திட்டமிடல் சட்டம்) உள்ளாட்சி மன்றம் தரும் திட்ட அனுமதி. நம்ம ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம்.

இந்த மூன்றில் எங்காவது, சாமிவேலு போல, பொதுப்பணி அமைச்சர் வருகிறாரா? இல்லை. நிலமும் உள்ளாட்சியும் கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஐம்பது வருஷம் தொகுதிக்காரர்கள் அமைச்சரிடம் மனு கொடுத்தார்கள். தோட்டத்தின் தலையெழுத்தை எழுதிய பேனா மாநிலத் தலைநகர் ஈப்போவில் மந்திரி பெசாரிடம் (மாநில முதல்வர்) இருந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நில வகையை மாற்றும்போது நில உரிமையாளர் மாநில அரசுக்குப் பிரீமியம் கட்டுகிறார். மாநிலங்களுக்கு வரிவிதிக்கும் அதிகாரம் குறைவு. நில வருமானம்தான் பெரிய வரவு. லயத்தில் இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டிய அதே கைதான் லயம் இடிந்தால் பணம் வாங்குகிற கை. எந்தக் கட்சி வந்தாலும் இந்த அமைப்பு மாறவில்லை. 2008-க்குப் பிறகு பேராவில் ஆட்சி எத்தனை முறை கைமாறியது என்று பாருங்கள். பிரீமியம் கவுண்டர் ஒரு நாளும் மூடவில்லை.

அதற்காகப் பழைய அமைச்சர்களை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. நிலம் மாநிலத்துடையது, ஆனால் நிலச் சட்டத்தொகுப்பை 1965-ல் நிறைவேற்றியது நாடாளுமன்றம். வேலைச் சட்டமும் அங்கேதான். "வகை மாற்றம் கேட்கும் தோட்டம் முதலில் தொழிலாளிக்கு வீடு கட்டித் தர வேண்டும்" என்று ஒரே ஒரு உட்பிரிவைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர்களின் பொறுப்பு சரியாக அந்த இடத்தில் இருக்கிறது.

வெளிக்காடு

கிராண்ட் சொன்னது விற்பனை வந்த பிறகு நடப்பது. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960-ல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி காசில் தோட்டம் வாங்குவது நல்ல யோசனை. ஆனால் தோட்டங்கள் விற்கப்பட்ட வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை.

அடுத்த அடி 1969. வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968 அமலுக்கு வந்தபோது குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) வைத்திருந்த பால்வெட்டுக்காரர்கள் ஒரே இரவில் அந்நியத் தொழிலாளி ஆனார்கள். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான். முடிவு கூட்டரசு அமைச்சரவையுடையது. ம.இ.கா.வும் அதில் அங்கம்.

1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. "இனம் பாராமல் வறுமை ஒழிப்பு" என்பது அதன் முதல் நோக்கம். நடைமுறையில் கிராமப்புற மேம்பாடு என்றால் கம்போங் (மலாய்க் கிராமம்), ஃபெல்டா (அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டம்). தோட்டம் தனியார் நிலம், அதனால் அரசாங்கத் தண்ணீர்க் குழாயும் ரோடும் தோட்டத்து கேட் வரைக்கும்தான் வரும். கேட்டுக்கு உள்ளே துரையின் பொறுப்பு. இது யாரும் மேடையில் அறிவித்த பாகுபாடு இல்லை. நிர்வாக வரையறையிலேயே விழுந்த ஓட்டை. அதனாலேயே எதிர்த்துப் போராட ஒரு அறிவிப்புகூடக் கிடைக்கவில்லை.

1981 செப்டம்பர் 7-ல் லண்டன் பங்குச் சந்தையில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி மலேசியா கைக்கு வந்தது. ஒரு காலை நேரத்தில் நடந்த வேலை. தோட்டங்களின் முதலாளி அரசுசார் நிறுவனம் ஆயிற்று. இனி வெள்ளைக்காரனைக் குறைசொல்ல முடியாது என்று ஆன பிறகும் லயத்துக் கூரை அதே கூரைதான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்ததன் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, நான் போடுகிறேன். ஒரு வெட்டுக்காரர் நாளைக்குச் சுமார் 500 மரம், ஒன்றுவிட்டு ஒரு நாள் முறை. ஆக இரண்டு வரிசையில் ஆயிரம் மரம். ஹெக்டேருக்கு 400 மரம் என்றால் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு ஆள். செம்பனையில் 8 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு ஆள் போதும். 1,000 ஹெக்டேர் தோட்டத்தில் 400 வெட்டுக்காரர் இருந்த இடத்தில் 100 முதல் 125 பேர். பால்வெட்டில் பாதிக்குமேல் பெண்கள். குலை வெட்டுவது ஆண்வேலை என்று ஆனதும் வீட்டின் இரண்டாவது சம்பளம் போயிற்று. 1984-ல் மேடான் ஒப்பந்தத்தின் மூலம் இந்தோனேசியத் தொழிலாளர்கள் முறைப்படி வந்தார்கள். மிச்சமிருந்த வேலைக்கும் கூலி ஏறவில்லை. தோட்டக்காரர்களுக்குக் கூலி ஏறாமல் பார்த்துக்கொண்டது அரசாங்கக் குடிநுழைவுக் கொள்கை. இதற்கு உள்துறை அமைச்சும் பிரதமர்துறையும் பதில் சொல்ல வேண்டும்.

1980-க்கும் 2000-க்கும் இடையில் சுமார் 3 லட்சம் பேர் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்கே போனார்கள்? பட்டணத்து ஓரப் புறம்போக்கு, அப்புறம் அடுக்குமாடி வீடு. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாப் பக்கத்துக் கம்போங் மேடான் இனக் கலவரத்தில் 6 உயிர் போனது அப்படிப்பட்ட நெருக்கத்தில்தான். 2013-ல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களுக்குத் தடை போட்டபோது உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றது. தோட்டத்தில் மண்டோரும் (கங்காணி) கோயில் கமிட்டியும் ஆயாக்கொட்டகையும் (குழந்தைக் காப்பிடம்) சேர்ந்து பிள்ளையைக் கண்காணித்தன. அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் அந்த மூன்றும் கிடையாது.

மண்வெட்டி

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நம்ம ஆட்களை ரொம்பச் சுலபமாக விட்டுவிட்டீர்கள்.

1982-ல் ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனம் மைகா ஹோல்டிங்ஸ். சுமார் 66,000 பேர் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். 1990-ல் அரசாங்கம் இந்தியர்களுக்கென ஒதுக்கிய 10 மில்லியன் டெலிகாம் பங்குகளில் மைகாவுக்குப் போனது 1 மில்லியன்தான். மிச்சம் 9 மில்லியன் வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போயிற்று. இதற்குப் பேரா நில அலுவலகமா பொறுப்பு? 2018-ல் இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவு செடிக், மித்ரா என்று பெயர் மாறிற்று, ஆண்டுக்கு 100 மில்லியன் என்றார்கள். 2021-ல் அந்த நிதி போன வழியை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க வேண்டி வந்தது. வேறு இனத்து அமைச்சர் வந்து பிடுங்கிக்கொண்ட பணம் இல்லை இது.

தொழிற்சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1954-ல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நாட்டின் மிகப்பெரிய தொழிற்சங்கமாக இருந்த காலம் உண்டு. சந்தா மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. வருஷக்கணக்கில் நாள்கூலிக்காகவே பேரம் பேசினார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. வீட்டுடைமை என்ற கோரிக்கையைக் கூட்டு ஒப்பந்தத்தின் மையத்துக்குக் கொண்டுவரும் பலம் அவர்களிடம் ஒரு காலத்தில் இருந்தது. உறுப்பினர் எண்ணிக்கை சரிந்த பிறகு அந்தப் பலமும் இல்லை.

மலிவுச் சாராயமான சம்சு பற்றிப் பேசவே வேண்டாம். லயத்து முனையில் யார் விற்றது என்று எல்லாருக்கும் தெரியும்.

வெளிக்காடு

மண்வெட்டி அண்ணே, மைகா விஷயத்தில் மறுப்பு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ம.இ.கா.வைத் தண்டிக்க வாக்காளருக்கு 2008 வரை ஏன் காலம் பிடித்தது? 2007 நவம்பர் 25-ல் இந்து உரிமைக் குழுவான ஹிண்ட்ராஃப் நடத்திய பேரணி இல்லாமல் அது நடந்திருக்குமா? தோட்டம் ஒரே இடத்தில் இருந்தபோது 300 ஓட்டு ஒரு பெட்டியில் விழும், வேட்பாளர் லயத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த 300 குடும்பம் பத்துத் தொகுதிக்குச் சிதறியதும் யாருக்கும் அவர்கள் தேவையில்லை. உள்ளாட்சித் தேர்தலையும் 1965-ல் நிறுத்தி, 1976 சட்டத்தோடு ஒழித்துவிட்டார்கள். இன்று ஒவ்வொரு மன்றத்திலும் 8 முதல் 24 உறுப்பினர்கள் நியமனம், மாநில அரசு பார்த்துக் கொடுப்பது. தெருவிளக்கு எரியாததற்குத் தோற்கடிக்கக் கூடிய ஆள் ஊரில் ஒருவரும் இல்லை. தலைவர் கெட்டார் என்பது உண்மை, கெட்டவரை இறக்கும் ஏணியையும் எடுத்துவிட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

மல்லிகா பதிவு

நிலம், பங்கு எல்லாம் பேசினீர்கள். காகிதம் இல்லாத பிள்ளைகளை விட்டுவிட்டீர்கள். இதில் பொறுப்பு முழுக்கக் கூட்டரசு அரசாங்கத்தின் மேல், மாநிலத்துக்கு வேலையே இல்லை.

சிக்கல் கோயில் கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது. 1976-ன் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு முஸ்லிம் அல்லாதார் எந்தக் கல்யாணத்தையும் பதிய வேண்டும். தாலி கட்டியாயிற்று, ஐயர் வந்தார், ஊரே சாப்பிட்டது. பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்படிப் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பெறும். தாய் நீல ஐ.சி. (குடிமக்களின் அட்டை) என்றால் கவலை இல்லை. தாயிடம் சிவப்பு ஐ.சி.யோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தால், அப்பா மலேசியர் என்றாலும் பிள்ளையின் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழ்) 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று வரும். கல்யாணத்தைப் பிறகு பதிந்தாலும் அந்த வரி தானாக மாறாது.

வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்துப் பிறப்புகள் இன்னொரு கதை. தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) எழுதிவைத்த நோட்டு ஒன்றுதான் ஆதாரம். தோட்ட ஆஸ்பத்திரி மூடியபோது அந்த நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பிறப்பைப் பதியக் கெடு 60 நாள். தவறினால் தாமதப் பதிவு: கிளினிக் அட்டை, தடுப்பூசிப் புத்தகம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை, பிறந்தபோது இருந்த சாட்சி, சத்தியப் பிரமாணம். இதில் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ரொம்ப உதவும். பள்ளி இடம் மாறும்போது பழைய பதிவேட்டைக் குப்பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், முடிவு உள்துறை அமைச்சரின் விருப்பம். 21 வயது என்றிருந்த வரம்பை 18 ஆக்கும் திருத்தத்தை 2024-ல் நாடாளுமன்றம் ஏற்றது. ஆகவே 18-க்கு முன்பே மனு உள்ளே போயிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிமார்கள் விழுவது மலாய் மொழி நேர்காணலில். கேள்வி கடினம் இல்லை, பயம்தான். பெயர், முகவரி, பிள்ளைகள் எத்தனை, பிரதமர் யார் என்பதை வீட்டில் பேரனை விட்டுத் தினமும் மலாயில் கேட்கச் சொல்லுங்கள்.

ஐ.சி. இல்லாத பையனுக்கு லைசென்ஸ் இல்லை, சேமநிதி கட்டும் முதலாளி கிடைக்கமாட்டார். கும்பல் மட்டும் ஐ.சி. கேட்காது.

இளவேனில்

எல்லாருக்கும் நன்றி. மல்லிகா அக்கா சொன்ன கடைசி வரியைக் குறித்துக்கொண்டேன். இன்னொரு கேள்வி. பக்கத்துத் தோட்டம் ஒன்று கைமாறப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. லயத்தில் இருபதுக்கு மேல் குடும்பம். பழைய பொறுப்பு கிடக்கட்டும், இப்போது எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

கிராண்ட்

முதலில் நில அலுவலகத்தில் கிராண்ட் சாரியான் (நில உரிமைத் தேடல் தாள்) எடுங்கள். லொட் (மனை) எண், முக்கிம் (துணை மாவட்டம்) பெயர் வேண்டும். மேனேஜர் அலுவலகத்தில் கேட்டால் தரமாட்டார்கள், நில வரி பில்லிலோ பழைய வரைபடத்திலோ இருக்கும். வரும் தாளில் மூன்று இடத்தைப் பாருங்கள். உரிமையாளர் பெயர், வகை, 'சியாராட் ஞாத்தா' (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை). 'கெத்தா' (ரப்பர்) என்றோ 'கெலாப்பா சாவிட்' (செம்பனை) என்றோ இருந்தால் இன்னும் மாற்றம் நடக்கவில்லை, உங்களுக்கு நேரம் இருக்கிறது. 'பாங்குனான்' என்று வந்துவிட்டால் கப்பல் கிளம்பிவிட்டது.

நேரம் இருந்தால் தோட்ட நில வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள். குடும்பங்களின் எண்ணிக்கை, ஒவ்வொருவரின் சேவை ஆண்டு, கோயில், பள்ளி, இடுகாடு எங்கே என்ற சிறு வரைபடம். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: வகை மாற்றத்துக்கு முன் இவற்றுக்குத் தனி லொட் பிரித்துத் தர வேண்டும். பிரிக்காமல் விட்ட கோயிலுக்குப் பிறகு வருவது இடிப்பு நோட்டீஸ்தான். பிரதியை மந்திரி பெசார் அலுவலகம், சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட அதிகாரி மூவருக்கும் அனுப்பி, 'திரிமா' (பெறப்பட்டது) முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு நாளைக்கு "எங்களுக்கு வரவே இல்லை" ஆகிவிடும்.

திட்ட அனுமதிக் கட்டத்தில் நம்பியிருக்காதீர்கள். அங்கே ஆட்சேபிக்க அழைப்பு போவது பக்கத்து நில உரிமையாளருக்கு. லயத்தில் நாற்பது வருஷம் இருந்தவருக்குக் கிராண்ட் இல்லை, அதனால் நோட்டீசும் இல்லை. யாரும் ஆட்சேபிக்கக்கூடியது உள்ளாட்சித் திட்டம், அதாவது 'ரன்சாங்கான் தெம்பாத்தான்', காட்சிக்கு வைக்கப்படும்போது. குறைந்தது நான்கு வாரம் திறந்திருக்கும். அந்த அறிவிப்பைக் கண்காணிக்க ஒருவரை நியமியுங்கள்.

அடுத்தது பணம். பணிநீக்கப் பலன் விதிகள் 1980-ன்படி ஒரு வருஷம் முடிந்திருந்தால் ஆண்டுக்கு 10 நாள் கூலி, 2 வருஷத்துக்கு மேல் 15, 5 வருஷம் முதல் 20 நாள். 18 வருஷம் வேலை செய்தவருக்கு 360 நாள். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 65.38. பெருக்கிப் பாருங்கள், 23,500-க்குக் கொஞ்சம் மேலே. இதைத் தவிர 5 வருஷத்துக்கு மேற்பட்டவருக்கு 8 வார நோட்டீஸ். வேலை முடிந்த 7 நாளுக்குள் பலனைக் கொடுக்க வேண்டும்.

இதில் மூன்று பொறி இருக்கிறது. புது முதலாளி 7 நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தந்து, தொழிலாளி காரணமில்லாமல் மறுத்தால் பலன் இல்லை. வேலையை ஏற்றால் சேவை தொடரும், ஆனால் புதுக் கடிதத்தில் 'முலா பெர்க்கிட்மாத்' (வேலை தொடங்கிய) தேதி பழைய தேதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய தேதி போட்டிருந்தால் 18 வருஷம் காற்றோடு போயிற்று. திருத்தித் தரும்வரை கையெழுத்து வேண்டாம். இரண்டாவது, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது. "சும்மா ஃபார்மாலிட்டி" என்பார்கள். தானாக விலகியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. மூன்றாவது, காண்ட்ராக்டர் பெயருக்கு மாற்றுவது. சம்பளச் சீட்டில் முதலாளி பெயர் மாறிய மாதத்தைக் கவனியுங்கள்.

வீட்டுக்கு மட்டும் சட்டத்தில் ஒன்றும் இல்லை. 446-ஆம் சட்டம் (தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம்) வேலையில் இருக்கும்வரை வீட்டின் தரத்தைப் பேசும், வேலை போனபின் எங்கே தூங்குவது என்று பேசாது. அதற்குப் போராட்டம்தான். உலு சிலாங்கூர் பக்கத்தில் நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டத்து மக்கள் ஒரே குழுவாக நின்று தரைவீடு கேட்டார்கள், இருபது வருஷத்துக்கு மேல். தோட்டத்துக்கு ஒரு குழு என்று நின்றிருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றியிருப்பார்கள்.

மண்வெட்டி

குழு அமைக்கும்போது எந்தக் கட்சிக் கிளைத் தலைவரையும் செயலாளர் ஆக்காதீர்கள், தம்பி. மனுவில் எல்லாக் குடும்பமும் ஐ.சி. எண்ணோடு கையெழுத்துப் போடட்டும். அசல் கடிதங்கள் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம், இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். மழையில் லயத்துக் கூரை ஒழுகும்.